பி.இ.யோடு எம்.பி.ஏ. சேர்க்கலாமா? வேலூர் வட்டார மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்றாம் ஆண்டு முடியும் நேரத்தில் காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "வெறும் பி.இ. வச்சிகினு இன்னா பண்ணப் போற? கூட ஒரு எம்.பி.ஏ. போட்டுக்கினா மேனேஜர் ஆயிடலாமே!" சொல்பவர் மாமாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். பணம் கட்டப்போவது அப்பா. இரண்டு வருடம் கொடுக்கப்போவது நீங்கள்.

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எதற்கு, எப்போது, என்ன விலைக்கு. "எந்தக் காலேஜ்?" என்பது நான்காவதாக வர வேண்டியது. பல வீடுகளில் அதுதான் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் போடுங்கள். முதல் மூன்று படிகளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகாது.

படி 1: உங்கள் மனம் எந்தக் கேள்வியின் பின்னால் ஓடுகிறது?

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கட்டிங் பகுதியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் போட வசதிக்காக வைத்தவை. ஒரு ஜோடி ஷூவின் மேல்பாகத்துக்கு 2 சதுர அடி தோல் வேண்டும். ஆனால் தோல் துணி மாதிரி ஒரே சீராக வராது. உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் என்று ஒவ்வொன்றையும் ஒதுக்கி வெட்டும்போது 20 சதவீதம் கழிவாகப் போகிறது. ஆகவே ஜோடிக்கு 2.5 சதுர அடி வாங்க வேண்டும். சதுர அடி 100 ரூபாய் என்றால் 250 ரூபாய். பேட்டர்ன்களை நெருக்கி அடுக்கும் மென்பொருளோடு ஒரு தானியங்கி கட்டிங் மெஷின் போட்டால் கழிவு 16 சதவீதமாக இறங்கும் என்கிறார் மெஷின் விற்பவர். அப்போது 2.38 சதுர அடி போதும். ஜோடிக்கு 12 ரூபாய் மிச்சம். தினம் 1,000 ஜோடி, மாதம் 25 நாள் என்றால் மாதத்துக்கு 3 லட்சம். மெஷின் விலை 60 லட்சம். 20 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

இங்கே நிறுத்தி, உங்களுக்கு அடுத்து என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள்.

"16 சதவீதம் எப்படி வரும்? தழும்பை கேமரா கண்டுபிடிக்குமா, ஆள் குறித்துக் கொடுக்க வேண்டுமா? தோல் இழுபடும் திசையை மென்பொருள் கணக்கில் எடுக்குமா?" என்று மனம் போனால் உங்களுக்கு இருப்பது சுத்தமான பொறியாளர் மூளை. அதற்குத் தீனி எம்.இ.யிலும் தொழிற்சாலைத் தளத்திலும் கிடைக்கும். இப்போதைக்கு எம்.பி.ஏ. தேவையில்லை.

"முழு ஆர்டர் வருடத்தில் எத்தனை மாதம் ஓடுகிறது?" என்று கேட்டீர்களா? 7 மாதம்தான் என்றால் அந்த 20 மாதம் கிட்டத்தட்ட 3 வருடமாக நீளும். 60 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் முதல் வருடமே 6 லட்சம். ஐரோப்பிய வாடிக்கையாளர் சரக்கு போய் 90 நாள் கழித்துப் பணம் அனுப்புகிறார். தோல் கொடுத்தவர் 30 நாளில் வாசலில் நிற்கிறார். நடுவில் உள்ள 60 நாளை யார் பணத்தில் ஓட்டுவது? இந்தக் கேள்விகள் யாரும் தூண்டாமல் வந்தால் வணிகப் படிப்பு உங்களுக்குப் பயன்படும்.

இரண்டும் வரவில்லை, "மேனேஜர்" என்ற பலகை மட்டும்தான் கண்ணில் நிற்கிறது என்றால் அதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். அந்தப் பலகைக்காக வாங்கும் பட்டம்தான் இருப்பதிலேயே விலை அதிகமானது.

படி 2: உங்கள் துறையில் எம்.பி.ஏ.வுக்கு என்ன மதிப்பு?

எல்லாத் துறைக்கும் ஒரே பதில் கிடையாது.

மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் படித்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் களம் இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட், பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை, அரக்கோணம் எம்.ஆர்.எஃப்., 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட 9,000 கோடி ரூபாய் டாடா மோட்டார்ஸ் ஆலை என்று வரிசையாகச் சொல்லலாம். இதுபோன்ற ஆலைகளில் முதல் நான்கைந்து வருடம் ஷிஃப்ட் பார்த்த அனுபவமே பேசும். உற்பத்தித் திட்டமிடல், கொள்முதல், சப்ளை செயின் பக்கம் நகரும்போதுதான் ஆப்பரேஷன்ஸ் எம்.பி.ஏ. கைகொடுக்கும்.

கெமிக்கல், லெதர் டெக்னாலஜி ஆட்களுக்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு. வேலூர் மாவட்ட டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்ன பிறகு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்பது ஒவ்வொரு டேனரியின் செலவுக் கணக்கிலும் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் பங்கு, சவ்வு மாற்றும் செலவு, ஆவியாக்கிக்கு ஆகும் எரிபொருள் ஆகியவற்றை ஒரு சதுர அடி தோலின் விலையாக மாற்றிச் சொல்லத் தெரிந்த பொறியாளரை முதலாளி பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். அதற்கு வேண்டியது காஸ்டிங். இரண்டு வருட எம்.பி.ஏ. இல்லாமலும் அதைக் கற்கலாம்; படி 8-ல் வருகிறது.

சிவில் படித்தவருக்கு டெண்டர், ஒப்பந்த ஷரத்து, அளவுப் புத்தகம், தாமதத்துக்கான கிளெய்ம் ஆகியவைதான் பணம். பொது எம்.பி.ஏ.வில் இவை தொட்டுக்கொள்ளக்கூட வராது. நிக்மார் போன்ற கட்டுமான மேலாண்மைப் படிப்புகளைப் பார்ப்பது நல்லது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்கள் அவசரப்பட வேண்டாம். புராடக்ட் மேனேஜர் வேலைக்கு எம்.பி.ஏ. ஒரு கதவுதான், கம்பெனிக்குள்ளேயே மூன்று வருடம் நன்றாக வேலை பார்த்து, வாடிக்கையாளரோடு பேசும் பொறுப்பை வாங்குவது இன்னொரு கதவு. இரண்டாவதில் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தருகிறார்கள்.

படி 3: பி.இ.க்குள்ளேயே மலிவாகச் சோதித்துப் பாருங்கள்

கிணற்றின் ஆழத்தைக் கல்லைப் போட்டுப் பார்ப்பது போல, இங்கே மூன்று கற்கள் உண்டு.

முதலாவது உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கடைசி வருடத்துக்கு ஒரு மேலாண்மை விருப்பப் பாடம் வருகிறது. பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட், டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட், பொறியியல் பொருளாதாரமும் நிதிக் கணக்கியலும், மனிதவளம் என்று பட்டியல் இருக்கும். மார்க் எளிது என்று எல்லோரும் முதலாவதை எடுப்பார்கள். நீங்கள் நிதிக் கணக்கியல் உள்ளதைக் கேளுங்கள். வகுப்பில் போதிய பேர் சேராவிட்டால் அந்தப் பாடம் ஓடாது. ஆகவே விருப்பப் படிவம் வருவதற்கு முன்பே நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போய் நில்லுங்கள்.

இரண்டாவது, ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டெல். சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். ஜனவரி, ஜூலை என வருடத்துக்கு இரண்டு பருவம். 12 வாரப் பாடத்தில் வாரம் ஒரு அசைன்மென்ட் வரும்; 12-ல் நல்ல மதிப்பெண் வாங்கிய 8 எடுத்துக்கொள்ளப்படும். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் தனித்தனியே வாங்கினால்தான் சான்றிதழ். பெரும்பாலோர் நாலாவது வாரம் அசைன்மென்டை மறந்து அதோடு விட்டுவிடுகிறார்கள். கடைசித் தேதிக்கு முதல் நாள் மாலை போனில் அலாரம் வைத்தால் போதும்.

எந்தப் பாடம்? ஒன்றே ஒன்று எடுப்பதானால் நிதிக் கணக்கியல். மார்க்கெட்டிங் எல்லோருக்கும் பிடிக்கும், பேச்சுப் போல இருக்கும். எம்.பி.ஏ. முதல் செமஸ்டரில் பொறியியல் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் பற்று, வரவு. எண்ணுக்குப் பயப்படாதவர்கள்தான், ஆனால் தேய்மானம் ஏன் செலவு என்றும், லாபம் இருந்தும் கையில் பணம் ஏன் இல்லை என்றும் குழம்புவார்கள்.

பாடம் முடிந்ததும் ஒரு சோதனை. ராணிப்பேட்டையில் ஆலை வைத்திருக்கும் திருமலை கெமிக்கல்ஸ் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம். அதன் ஆண்டறிக்கை அவர்கள் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இறக்கி வைத்துக்கொண்டு மூன்று எண்களைத் தேடுங்கள். நிகர லாபம் எவ்வளவு? இயக்கத்திலிருந்து வந்த ரொக்கம் எவ்வளவு, இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? வர வேண்டிய பாக்கியை வருட விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் எத்தனை நாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இதில் போனதே தெரியவில்லை என்றால் நல்ல அறிகுறி. பத்தாவது பக்கத்தில் கொட்டாவி வந்தால் அதுவும் ஒரு பதில்தான், பத்து லட்சம் மிச்சப்படுத்தும் பதில்.

மூன்றாவது மைனர் பட்டம், அதாவது பி.இ.யோடு கூடுதலாக வேறொரு துறையில் வாங்கும் துணைப் பட்டம். பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி போல அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள கல்லூரிகளுக்கு 2021 ஒழுங்குமுறையில் இந்த வழி உண்டு. பட்டத்துக்குத் தேவையானதுக்கு மேல் 18 கிரெடிட், அதாவது 3 கிரெடிட் பாடங்கள் ஆறு. ஐந்தாம் செமஸ்டரிலிருந்து தொடங்கலாம். நிதித் தொழில்நுட்பமும் பிளாக்செயினும், தொழில்முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவுப் பகுப்பாய்வு, சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும் என ஐந்து பிரிவுகள். தன்னாட்சிக் கல்லூரிகளிலும் வி.ஐ.டி. போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் விதி வேறு. நீங்கள் சேர்ந்த வருடத்தின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும், சீனியர் சொன்னதை அல்ல.

ஆறு பாடத்தை ஐந்து, ஆறு, ஏழாம் செமஸ்டர்களுக்கு இரண்டிரண்டாகப் பிரியுங்கள். எட்டாம் செமஸ்டருக்குத் தள்ளி வைத்தால் புராஜெக்ட்டும் வேலைத் தேடலும் சேர்ந்து நசுக்கும். ஏழாம் செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூ வரும் என்பதால் அந்த இரண்டில் ஒன்றை ஆன்லைன் பாடமாக முடிக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு அரியர் இருந்தாலும் மைனர் பக்கம் போகாதீர்கள். வேலைக்கு எடுப்பவர் முதலில் பார்ப்பது "அரியர் இல்லை" என்ற வரியைத்தான். மைனர் இருக்கிறதா என்பது அதற்குப் பிறகு.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. வெளியிட்ட வழிமுறைப்படி ரெகுலர் பி.இ.யோடு தொலைநிலை பி.காம். அல்லது பி.பி.ஏ. படிக்கலாம். சட்டப்படி சரி. ஆனால் பி.இ. முடித்தாலே எம்.பி.ஏ.வுக்குத் தகுதி வந்துவிடுகிறது. மூன்று வருடம் கூடுதல் தேர்வு எழுதி வாங்கும் பி.பி.ஏ. எந்தப் புதுக் கதவையும் திறப்பதில்லை. குடும்பத் தொழிலின் கணக்கைப் பார்க்கப்போகிறவருக்கு பி.காம். பயன்படலாம், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

படி 4: உடனேயா, வேலைக்குப் போய்விட்டா?

எங்கள் கருத்து வெளிப்படையானது: இரண்டு முதல் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போங்கள். எம்.பி.ஏ. வகுப்பு நடப்பது, ஒரு கம்பெனியின் பிரச்சினையை எடுத்து அலசும் கேஸ் விவாதத்தில். ஒரு லைன் நின்றபோது யார் யாரைத் திட்டினார்கள், சரக்கு ஏன் கன்டெய்னருக்குள் போகவில்லை என்று பார்த்தவருக்கு அந்தப் பாடம் ஒட்டும். பார்க்காதவர் அதை ஐந்து மார்க் பதிலாக மனப்பாடம் செய்வார். இரண்டாவது காரணம் வேலைச் சந்தை. அனுபவம் இல்லாத எம்.பி.ஏ.வுக்கு நடுத்தரக் கல்லூரிகளில் அதிகம் வருவது வங்கி, காப்பீடு, கடன் விற்பனை வேலைகள். அங்கே உங்கள் பி.இ.க்கு ஒரு மதிப்பும் கிடையாது. நாலு வருடம் படித்த தெர்மோடைனமிக்ஸ் அப்படியே நிற்கும்.

விதிவிலக்கு மூன்று. ஐ.ஐ.எம். என்ற மத்திய அரசின் மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் கேட்கும் அளவுக்கு மதிப்பெண் வந்துவிட்டால் போய்விடலாம். குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ குடும்பத் தொழில் காத்திருக்கிறது, திரும்பி வந்து அதில்தான் உட்காரப்போகிறீர்கள் என்றாலும் உடனே படிக்கலாம். உங்களுக்கு கேம்பஸ் வேலை கணக்கே இல்லை. மூன்றாவது, வெளியே யாரும் எழுத மாட்டார்கள்: "படிக்கிறதா இருந்தா இப்பவே படிச்சிடு, வேலைக்குப் போயிட்டா அப்புறம் கல்யாணம்தான்" என்று சொல்லும் வீட்டில் உள்ள பெண். அவருக்கு மூன்று வருடம் கழித்து வாய்ப்பு இருக்காது என்றால், கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரி இடம் ஒன்றை உடனே பிடிப்பது புத்திசாலித்தனம்.

"வேலை கிடைக்கவில்லை, சும்மா இருப்பதற்கு எம்.பி.ஏ." என்பது இதில் சேராது. இன்டர்வியூவில் தடுக்கியது எது என்று கண்டுபிடிக்காமல் போனால், இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் கடனோடு நிற்க வேண்டும்.

படி 5: காகிதத்தில் கணக்கு

இந்தப் படியை அப்பாவோடு உட்கார்ந்து போடுங்கள். உங்கள் எண்களை இங்குள்ளவற்றின் இடத்தில் வையுங்கள்.

கட்டணமும் ஹாஸ்டலும் சேர்த்து 10 லட்சம், முழுதும் கடன், வட்டி 10 சதவீதம் என்று கொள்வோம். வங்கி வருடத்துக்கு 5 லட்சமாக விடுவிக்கும். படிப்புக் காலம் 2 வருடம், அதன்பின் 1 வருடம் தவணை கிடையாது. ஆனால் வட்டி தூங்காது. முதல் 5 லட்சத்துக்கு 3 வருட வட்டி 1.5 லட்சம், இரண்டாவதுக்கு 2 வருட வட்டி 1 லட்சம். தனி வட்டியாகவே போட்டாலும் தவணை தொடங்கும் நாளில் கடன் 12.5 லட்சம். 7 வருடத் தவணை என்றால் மாதம் 20,751 ரூபாய். தவணை தொடங்கும் வரை வட்டியை மட்டும் கட்டிவந்தால், முதல் வருடம் மாதம் 4,167 ரூபாய், தவணை 16,601 ஆக நிற்கும். அப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள்.

இப்போது கைவிட்ட சம்பளம். பி.இ.க்கு மாதம் 25,000 கிடைக்கும் வேலையை விட்டுப் போனால் 24 மாதத்துக்கு 6 லட்சம். ஆக எம்.பி.ஏ.வின் உண்மை விலை 10, 2.5, 6 சேர்ந்து 18.5 லட்சம். தவணை ஓடும்போது கூடும் வட்டி இதில் இல்லை.

பலன் என்ன? வேலையிலேயே இருந்திருந்தால் இரண்டு வருடத்தில் 32,000 ஆகியிருக்கும். எம்.பி.ஏ. முடித்துக் கைக்கு 50,000 வந்தால் வித்தியாசம் மாதம் 18,000, வருடம் 2.16 லட்சம். போட்டது திரும்ப எட்டரை வருடம். கைக்கு 38,000-தான் என்றால் வித்தியாசம் 6,000. இருபத்தைந்து வருடத்தைத் தாண்டும். மாறாக, அரசுக் கல்லூரி இடம் கிடைத்து எல்லாச் செலவும் 2.5 லட்சத்தில் முடிந்து, கைக்கு 45,000 வந்தால்? விலை 8.5 லட்சம், வித்தியாசம் 13,000, ஐந்தரை வருடம். 50,000 தரும் கல்லூரியைவிடச் சம்பளம் குறைவான இந்த அரசுக் கல்லூரிதான் இங்கே லாபம்.

ஏழு வருடத்துக்கு மேல் போகும் எந்தக் கணக்கையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதற்குள் கல்யாணம், அம்மாவின் மருத்துவச் செலவு, தம்பியின் படிப்பு என்று ஏதாவது ஒன்று வந்துவிடும்.

கடன் விதிகளில் தெரிந்திருக்க வேண்டியவை: வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், உங்கள் பங்குத் தொகையும் வேண்டாம், 7.5 லட்சம் வரை ஜாமீன்தாரர் வேண்டுமா என்று உங்கள் வங்கியில் கேளுங்கள். அதற்கு மேல் சொத்து அடமானம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் மேலே உள்ள குறிப்பிட்ட கல்லூரிகளுக்கு அடமானம் இல்லாமலே கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான்.

பி.இ.யில் கிடைத்த முதல் பட்டதாரி சலுகையை எம்.பி.ஏ. கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் இப்போது பட்டதாரி.

படி 6: எந்தத் தேர்வு

தமிழ்நாட்டுக்குள் என்றால் டான்செட் என்ற நுழைவுத் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. 100 கேள்வி, 2 மணி நேரம், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். கலந்தாய்வை கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்துகிறது. 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பொறியியல் பிள்ளைகளுக்குக் கணக்குப் பகுதி பிரச்சினை இல்லை. மார்க் போவது வணிகச் சூழல் பகுதியிலும் ஆங்கிலப் பத்திகளிலும். மூன்று மாதம், தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கமும் வாரம் ஒரு முழுத் தேர்வும் போதும்.

தேசிய அளவில் ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட் (CAT). எம்.டெக்.குக்கான கேட் (GATE) வேறு, இது வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, விண்ணப்பத்தில் குழம்பாதீர்கள். இது நவம்பர் கடைசியில், அது பிப்ரவரியில். பகுதிக்கு 40 நிமிடம், மூன்று பகுதி. ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்ததற்கு எடுத்துச் செல்ல முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யும் திருச்சி என்.ஐ.டி.யும் எம்.பி.ஏ.வுக்கு இந்த மதிப்பெண்ணைத்தான் கேட்கின்றன. ஐ.ஐ.எம்.கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்ட மதிப்பெண்களையும் வேலை அனுபவத்தையும் கூட்டிப் பார்க்கின்றன. இந்தத் தேர்வு எழுதும் கூட்டத்தில் பொறியாளர்கள்தான் அதிகம் என்பதால் பல ஐ.ஐ.எம்.கள் பிற படிப்புக்காரர்களுக்குக் கூடுதல் புள்ளி தருகின்றன. பொறியாளருக்கு கட் ஆஃப் ஏறும். படி 4-ல் சொன்ன வேலை அனுபவம் இங்கேயும் உதவுகிறது.

படி 7: கல்லூரியைச் சலித்தெடுப்பது

விளம்பரப் பலகையில் "அதிகபட்ச பேக்கேஜ்" என்று ஒரு எண் இருக்கும். அது ஒரே ஒருவர் வாங்கியது. உங்களுக்கு வேண்டியது நடு எண், அதாவது மீடியன்: பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் சம்பளம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்ற கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தரவைத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். அதில் "மேலாண்மை" பிரிவுக் கோப்பைத் திறந்து இரண்டு வருட முதுநிலை அட்டவணையைப் பாருங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு. அந்த மீடியனைத்தான் படி 5-ல் போட வேண்டும். ஒட்டுமொத்தப் பிரிவுக் கோப்பை எடுத்தால் எம்.டெக். சம்பளமும் கலந்து வந்து ஏமாற்றும்.

அந்தச் சம்பளமும் கைக்கு வருவதில்லை. வருடத்துக்கு 6 லட்சம் சி.டி.சி., அதாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, என்றால் மாதம் 50,000 என்று வகுத்துவிடாதீர்கள். அதில் 90,000 வேரியபிள், அதாவது வேலைத்திறனைப் பொறுத்து மாறும் தொகை, என்று கொள்வோம். கம்பெனி பங்கும் உங்கள் பங்குமாக பி.எஃப். மாதம் 1,800 வீதம் இரண்டு முறை கழியும். கிராஜுவிட்டிக்கு வருடம் பதினோராயிரம் சொச்சம். மிச்சம் மாதத்துக்குச் சுமார் 38,000. மேலே இருபத்தைந்து வருடம் என்று வந்த கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அதே எண்தான்.

எம்.பி.ஏ. என்பது பல்கலைக்கழகப் பட்டம். பி.ஜி.டி.எம். என்பது தனி நிறுவனம் தரும் டிப்ளமோ, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருக்க வேண்டும், அரசு வேலைக்கோ முனைவர் படிப்புக்கோ போக நினைத்தால் பட்டத்துக்குச் சமம் என்ற சான்றும் வேண்டும். ஆன்லைன், தொலைநிலை எம்.பி.ஏ. என்றால் யு.ஜி.சி.யின் அனுமதிப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்த வருடம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இதுவும் சென்னை வார இறுதி வகுப்புகளும் நடைமுறையில் ஒத்துவரும். காட்பாடியிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். கேம்பஸ் வேலையை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள். இருக்கும் கம்பெனியில் மேலே போகத்தான் இது.

கல்லூரிக்கு நேரில் போனால் முதல்வர் அறையில் நேரம் கழிக்காமல் கேன்டீனில் இரண்டாம் ஆண்டு மாணவர் நாலு பேரைப் பிடியுங்கள். "சம்மர் இன்டர்ன்ஷிப் காலேஜ் வாங்கிக் கொடுத்ததா, நீங்களே தேடினதா?" என்ற ஒரு கேள்வி போதும்.

படி 8: எம்.பி.ஏ. இல்லாத வழிகள்

செலவுக் கணக்கில்தான் ஆர்வம் என்றால் சி.எம்.ஏ. என்ற செலவுக் கணக்கியல் தொழில்முறைப் படிப்பு. பட்டதாரிகள் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். அதில் 8 தாள், ஃபைனலில் 8 தாள். வேலையை விடாமல் எழுதலாம். டேனரி, ஷூ, கெமிக்கல் ஆலைகளில் பொறியியலும் காஸ்டிங்கும் தெரிந்தவர் அரிது. ஆனால் தேர்ச்சி கடினம், மூன்று நாலு வருடம் பொறுமை வேண்டும்.

உற்பத்தி மேம்பாடுதான் பிடிக்கும் என்றால் தொழில் பொறியியலில் எம்.இ.

சொந்தமாகத் தொழில் தொடங்கத்தான் எம்.பி.ஏ. என்றால், முதலில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தைக் கேளுங்கள். 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத முதலீட்டு மானியம், உச்சவரம்பு 75 லட்சம், கூடவே 3 சதவீத வட்டி மானியம். தொழில்முனைவோர் பயிற்சியும் உண்டு. திட்ட அறிக்கை எழுத வேண்டியிருக்கும். அதை ஆடிட்டரிடம் கொடுத்துவிடாமல் நீங்களே எழுத முயன்றால், ஒரு செமஸ்டர் எம்.பி.ஏ. அதிலேயே முடிந்துவிடும்.

படி 9: சேரும் நாளில்

முன்பணம் கட்டும்போது ரசீதில் "கல்விக் கட்டணம்" என்று எழுதியிருக்கிறதா, "பதிவுக் கட்டணம்", "நன்கொடை" என்று இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். விலகினால் திரும்பக் கேட்க அந்த வார்த்தைதான் ஆதாரம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி, "இங்கேயே இருக்கட்டும்" என்றால் விதியைச் சொல்லி, எழுத்தில் தரும்படி கேளுங்கள். டான்செட் கலந்தாய்வு முடியாத நேரத்தில் தனியார் கல்லூரி அவசரப்படுத்தினால், விலகும் கடைசித் தேதியையும் எத்தனை சதவீதம் திரும்பும் என்பதையும் மின்னஞ்சலில் வாங்கிய பிறகே பணத்தை அனுப்புங்கள். கல்விக் கடன் வாங்குபவர்கள் கல்லூரியின் கட்டண விவரக் கடிதத்தில் ஹாஸ்டல், லேப்டாப், புத்தகம் ஆகியவையும் தனித்தனி வரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி அந்தக் கடிதத்தில் உள்ளதற்குத்தான் கடன் தரும், விடுபட்டது கைக்காசு.